இரண்டில் நின்ற வளையம்

என் மேசை இழுப்பறையில் ஒரு கறுப்புச் சாமான் கிடக்கிறது. கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிது, மடக்கிய முழங்கால் மாதிரி இருக்கும். கேமராவில் கண் வைக்கும் இடத்தில் மாட்டிவிட்டால், கேமரா தரையில் இருந்தாலும் மேலேயிருந்து குனிந்து பார்த்துப் படம் எடுக்கலாம். ஆங்கிள் ஃபைண்டர் என்பார்கள். அண்ணனின் முழங்கால் மடங்க மறுத்தபோது நான் வாங்கிக் கொடுத்தது.

அண்ணன் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். மாப்பிள்ளை பெண்ணின் காலை அம்மியில் தூக்கி வைத்து மெட்டி போடும்போது, அண்ணன் மணமேடையில் குப்புற விழுந்துவிடுவார். சட்டையெல்லாம் அட்சதை ஒட்ட எழுந்து வருவார். எரியோடு ஊர் வரைக்கும் அதைப் பார்த்துச் சிரிக்காத கல்யாண வீடு இல்லை. "மேலேருந்து எடுத்தா அது வெறும் காலுப்பா. தரையோட தரையாக் கெடந்து எடுத்தாத்தான் பொண்ணு தெரியும்" என்பார்.

முழங்கால் மடங்காதவர் எப்படி எடுப்பார் என்று, என் மகள் கல்யாணத்துக்கு வீட்டில் வேறு ஆளைப் போடச் சொன்னார்கள். "எம்புள்ள மெட்டிய வேத்தாளு எடுக்கவா?" என்று அண்ணன் ஒரே பிடியாக நின்றார். அப்போதுதான் ஃபைண்டரை வாங்கினேன். மதினியின் காலை அம்மியில் வைக்கச் சொல்லி ஒரு வாரம் பழகினார்.

அதில் ஒரு வளையம் உண்டு. ஒன்றில் வைத்தால் படம் முழுவதும் தெரியும். இரண்டுக்குத் திருப்பினால் நடுப்பகுதி மட்டும் பெரிதாகத் தெரியும்; ஓரம் தெரியாது. கூர்மை பார்க்க இரண்டு, படம் எடுக்க ஒன்று. கல்யாணத்தன்று மேளச் சத்தத்தில், கண் கலங்கிய நிலையில், இரண்டிலேயே விட்டுவிட்டார்.

ஒரு வாரம் கழித்து ஸ்டுடியோ கணினியில் நானும் சம்பந்தியும் பார்த்தோம். மகளின் கால் நடுவில் சின்னதாக இருந்தது. சுற்றிலும் நாற்காலிக் கால்கள், யாரோ வைத்த தண்ணீர் பாட்டில், ஓரத்தில் மதினி புளி போட்டு விளக்கிய பித்தளைக் குடம். திரும்ப எடுக்க முடியாத படம். ஆத்திரம் கண்ணை மறைத்தது. "இம்புட்டு வருசமா என்னத்தண்ணே படம் எடுத்தீங்க?" என்று சம்பந்தி முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

"எனக்குப் புள்ள காலு மட்டுந்தாம்ப்பா தெரிஞ்சுச்சு" என்றார். ஃபைண்டரைக் கழற்றி, துடைத்து, என் கையில் கொடுத்தார். அதன்பிறகு கேமராவைத் தொடவில்லை. ஓரங்களை வெட்டி ஆல்பம் போட்டோம். தீபாவளிக்குப் போகும்போது மன்னிப்புக் கேட்கலாம் என்றிருந்தேன். போனேன், வாய் வரவில்லை. பொங்கலுக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தை பிறக்கும் முன்பே மாரடைப்பில் போய்விட்டார்.

மாலை போட ஆதார் அட்டைப் படம்தான் கிடைத்தது. வேறு ஏதாவது தேறுமா என்று தேடியபோது, வெட்டாத அந்த மெட்டிப் படம் கிடைத்தது. குடத்தின் வயிற்றில் பிம்பமாக ஓர் ஆள் முக்காலியில் உட்கார்ந்து ஃபைண்டருக்குள் குனிந்திருக்கிறார். முகம் தெரியவில்லை, உச்சி வழுக்கைதான் தெரிகிறது. வளையம் ஒன்றில் இருந்திருந்தால் அண்ணனே பார்த்துக் குடத்தை நகர்த்தச் சொல்லியிருப்பார். அவர் வேலை பார்க்கும் படம் இது ஒன்றுதான். இதற்குத்தான் அவரை அவமானப்படுத்தினேன்.

போன வாரம் பிரிண்ட் போடக் கொடுத்தேன். கடைக்காரர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சார், குடத்துல ஒரு ஆளு தெரியுறாரு. அழிச்சிட்டுப் போட்டுரவா?" என்றார்.

"வேணாம்ப்பா. அவருக்காகத்தான் இந்தப் படமே" என்றேன்.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். அண்ணன் கொடுத்தபடியே வளையம் இரண்டில் நிற்கிறது. திருப்ப மனம் வரவில்லை.