சாமி படத்துக்குப் பின்னால் செருகிய தாள்

எனக்கு வயது எழுபத்தாறு. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். காய்ச்சல் என்றாலும் கட்டி என்றாலும் என் கைதான். ஒன்றையும் இன்னொருத்தர் பார்க்க விட்டதில்லை. அந்தப் பெருமையில்தான் ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை எடுத்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினேன்.

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நர்ஸம்மா ஒரு தாள் கொடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எந்தப் பக்கம் திருப்பிப் படுக்கவைப்பது என்று கடிகாரம் வரைந்து எழுதியிருந்தார். தோளில் எங்கே, இடுப்பில் எங்கே கைகொடுப்பது என்று மூத்த மருமகளுக்குச் செய்தும் காட்டினார். "வீட்ல எல்லாரும் மாத்தி மாத்திப் பாருங்க. ஒருத்தரால ஆகாது" என்றார். என்னைப் பார்த்துச் சொன்னது போலவே இருந்தது.

நான் என் மாமனார் எதிரே நின்று பேசியதில்லை. சோற்றை வைத்துவிட்டுக் கதவோரம் ஒதுங்கிவிடுவேன். அப்படி இருந்தவளுக்கு மருமகள் தொட்டுத் திருப்புவது பொறுக்கவில்லை.

"மாமனார் ஒடம்பத் தொட்டுப் பெரட்ட ஒனக்கு வெக்கமா இல்லையா?"

"எங்கப்பான்னா செய்ய மாட்டேனா அத்தை?"

"அவரு ஒங்கப்பா இல்ல. நீ போயி சோத்தப் பாரு."

அவர் ஆள் ஆஜானுபாகு. என் ஒருத்தியால் புரட்ட முடியவில்லை. முகம் துடைத்தேன், சவரம் செய்துவிட்டேன், வெள்ளை வேட்டி மாற்றினேன். பார்க்க வந்த சனமெல்லாம் மெச்சியது. முதுகை யாரும் பார்க்கவில்லை. இடுப்புக்குக் கீழே சிவந்திருந்ததை உடம்புச் சூடு என்று நினைத்து விளக்கெண்ணெய் தடவினேன். சாம்பிராணி போட்டும் வாடை அடங்காத ஒரு நாள், மருமகள் நேரே உள்ளே வந்தாள். "செத்த அங்கிட்டு நில்லுங்க அத்தை" என்றாள். நர்ஸம்மா காட்டியபடி கைகொடுத்து அவரை ஒருக்களித்துவிட்டாள். அத்தனை பெரிய மனிதர் அவள் கைக்குத் திரும்பினார். புண் எலும்பு தெரியக் குழிந்திருந்தது. அவர் இடக்கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை. எத்தனை நாள் வலித்ததோ, சொல்ல வாயில்லை.

அப்புறம் ஆஸ்பத்திரி, மருந்து, எல்லாம் பார்த்தோம். புண் ஆறுமுன்னே அவர் போய்விட்டார்.

போன ஆடியில் நான் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. மருமகள் படத்துக்குப் பின்னாலிருந்து அதே தாளை எடுத்து என் தலைமாட்டுச் சுவரில் ஒட்டினாள். அவள் திருப்ப வந்தபோது கூச்சத்தில் சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். "வெக்கமா இருந்தா கண்ண மூடிக்கங்க அத்தை" என்றாள். அதோடு சரி. பழசை ஒரு வார்த்தை எடுக்கவில்லை. என் முதுகில் இன்றுவரை ஒரு தழும்பு இல்லை. ஒவ்வொரு முறை அவள் திருப்பும்போதும் அவர் முதுகுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் முந்திரிக்காட்டு வேலைக்குப் போன காலத்தில் மாலை வகுப்பில் படித்த எழுத்தைக் கூட்டிக் கூட்டி இதை எழுதினேன். பேத்தி, எங்கே, நான் எழுதியதைப் படித்துக் காட்டு. அந்தத் தாளைச் செருகிய இடம் வரும்போது சத்தமாகப் படி ஆத்தா. அடுப்படியில் இருக்கிற உன் அம்மாவுக்குக் கேட்க வேண்டும்.