திருப்பிக் கொடுக்கச் சொன்ன கார்

"கியர்பொக்ஸ் பழுதாப் போட்டுது. காரைத் திருப்பிக் குடுத்திடுங்கோ."

இப்படி ஒருவரிடம் அடித்துச் சொல்லிவிட்டு, மறுநாளே அந்தச் சொல்லை நானே விழுங்க வேண்டி வந்தது. நாற்பது வருடக் கராஜ் வேலையில் நான் விட்ட பிழைகள் ஏராளம். போல்டை முறித்திருக்கிறேன், வயரை மாற்றிப் பூட்டியிருக்கிறேன். ஒரு முறை ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடாமலே வண்டியை அனுப்பியிருக்கிறேன். அவையெல்லாம் கை விட்ட பிழைகள். இது வாய் விட்ட பிழை. இப்போது கராஜ் நடத்துகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை

என் கராஜ் உடுவிலில் இருந்தது. இப்போது மருமகன் பார்க்கிறார். நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் தவராசாவும் அவருடைய மனைவி மாலினியும் ஒரு வெள்ளை ஜப்பான் காரில் வந்து இறங்கினார்கள். வாங்கி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. பாவித்த கார், ஆனால் பார்வைக்குப் பளிச்சென்று இருந்தது. தவராசாவின் முகம்தான் செத்துப் போயிருந்தது.

தவராசா பருத்தித்துறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, பொய்க்கால் போட்டிருந்தார். கால் எப்படிப் போனது என்று எங்கள் பக்கத்தில் ஒருவரும் கேட்பதில்லை. பல வருடமாக மாலினியின் தம்பிதான் அவரை மோட்டார் சைக்கிளில் வேலைக்கு ஏற்றி இறக்கினான். அவன் கலியாணம் முடித்துக் கிளிநொச்சிக்குப் போன பிறகு பஸ்தான் கதி. காலையில் இரண்டு பஸ் மாற வேண்டும். நெரிசலில் அந்தப் படியில் ஏறுவது அவருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு போராட்டம். தானே கியர் மாற்றும் ஓட்டோ கியர் காருக்குக் கிளச் இல்லை, வலது கால் ஒன்றே போதும் என்று யாரோ சொல்ல, நாற்பத்தாறு வயதில் ஓட்டப் பழகி லைசென்சும் எடுத்துவிட்டார். 'உனக்கேன் உந்த வேலை?' என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை.

அந்தக் கார்தான் இப்போது குழப்பம் செய்தது. வாங்கிய வியாழக்கிழமை நன்றாக ஓடியது. வெள்ளிக்கிழமை ஊர்ப் பிள்ளையார் கோயிலில் காருக்குப் பூசை செய்தார்கள். சனிக்கிழமையிலிருந்து திடீர் திடீரென்று எஞ்சின் கத்துகிறது, கார் இழுக்கிறதில்லை, பிறகு ஒரு குலுக்குக் குலுக்கி ஓடுகிறது. விற்றவர் மானிப்பாய்க்காரர், நேர்மையான மனிதர். ஒரு கிழமைக்குள் ஏதும் பழுது என்றால் திருப்பி எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தார். அந்தக் கிழமை முடிய இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

"அண்ணை, உங்கடை வாயாலை ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. வைச்சிருக்கிறதோ, குடுக்கிறதோ?" என்று தவராசா கேட்டார்.

நான் பக்கத்து சீற்றில் ஏறினேன். அவரே ஓட்டினார். நான்தான் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அவ்வளவு பாடுபட்டுப் பழகிய மனிதரை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் இருக்க எனக்கு மனம் வரவில்லை. சுன்னாகம் றோட்டில் ஒரு மைல் போவதற்குள் அவர் சொன்னது எல்லாம் நடந்தது. எஞ்சின் இரைந்தது, கார் சோர்ந்தது, பிறகு முதுகில் தள்ளியது போல ஒரு குலுக்கு. டாஷ்போர்டில் 'டி' எழுத்து அணைந்து ஒரு கணம் 'எம்' வந்து போனதை நானும் பார்த்தேன். 'டி' என்றால் கார் தானே கியர் மாற்றும். 'எம்' கையால் மாற்றி ஓட்டுவதற்கான நிலை. லீவரைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளினால்தான் வரும். புது ஓட்டுநர், கை பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கராஜுக்கு வந்து கியர் ஒயிலைப் பார்த்தேன், கொஞ்சம் கறுப்பு. ஸ்கேனரைப் பூட்டினேன், கியர்பொக்ஸ் பக்கத்தில் ஒரு பிழை என்று காட்டியது. போதாதா? பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலத்திலிருந்து எஞ்சினோடு மல்லுக்கட்டியவன் நான். ஸ்கேனர் காட்டியதை முழுதாக வாசிக்கும் பொறுமை எனக்கு எங்கே? ஓட்டோ கியர்பொக்ஸை இறக்கித் திருத்தும் வசதியும் என்னிடம் இல்லை. ஆகவே மேலே எழுதிய அந்த வசனத்தைச் சொன்னேன்.

தவராசா ஸ்டியரிங்கை ஒரு முறை தடவினார். "சரி அண்ணை. நாளைக்குக் கொண்டுபோய் விடுறன்" என்றார். அதற்கு மேல் அதை ஓட்ட வேண்டாம் என்று காரைக் கராஜில் விடச் சொன்னேன். இருவரும் ஓட்டோ பிடித்துப் போனார்கள். அவர் ஏறும்போது மாலினி பொய்க்காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்ததைப் பார்த்தேன்.

எறும்பு

புதன்கிழமை காலை கராஜைத் திறந்து, மானிப்பாய்க்காரருக்குக் கொடுக்க ஒரு துண்டு எழுதலாம் என்று, ஓடிய கிலோமீற்றரைப் பார்க்கக் காரின் கதவைத் திறந்தேன். உள்ளே எறும்பு. சீற்றுக்குக் கீழே இருந்து வரிசையாக வந்து கியர் லீவரின் அடியில் உள்ள இடுக்குக்குள் போய்க்கொண்டிருந்தன. போனவை திரும்பி வருகிற அவசரத்தில் இல்லை. எறும்பு கியர் ஒயில் குடிக்கப் போவதில்லை என்ற அளவுக்காவது எனக்கு மூளை வேலை செய்தது.

லீவரைச் சுற்றியிருந்த மூடியைக் கழற்றினேன். பிசுபிசுவென்று மண்ணிறமாக ஏதோ வழிந்து காய்ந்தும் காயாமலும் கிடந்தது. விரலால் தொட்டு மணந்து பார்த்தேன். வாழைப்பழம், தேன், கற்கண்டு. ஒரு முந்திரிகை வற்றல்கூட இருந்தது. 'டி'யா 'எம்'மா என்று கியர்பொக்ஸின் கொம்பியூட்டருக்குச் சொல்கிற சின்னச் சுவிச் அதற்குள் குளித்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மாலினி சைக்கிளில் வந்தார். காரைக் கொடுக்க முதல் உள்ளே ஒட்டியிருந்த பிள்ளையார் படத்தையும் குடையையும் எடுத்துப் போக வந்திருந்தார். திறந்து கிடந்த லீவரைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"தங்கச்சி, இதுக்குள்ளை பஞ்சாமிர்தம் எப்பிடி வந்தது?" என்று கேட்டேன்.

மாலினி மெதுவாகச் சொன்னார். பூசை முடிந்ததும் ஐயர் கொடுத்த பஞ்சாமிர்தத்தை ஒரு கிண்ணியில் வாங்கி லீவருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். நாலு ரயருக்குக் கீழும் தேசிக்காய் வைத்திருந்தது. அதை நசித்துக்கொண்டு கார் முன்னுக்குப் போக வேண்டும். தவராசா பதற்றத்தில் பிறேக்கைச் சட்டென்று அமத்திவிட்டார். கிண்ணி கவிழ்ந்தது. எல்லாரும் வெளியே நசிந்த தேசிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பின் சீற்றில் இருந்த மாலினி எட்டிச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார். மேலே இருந்தது போயிற்று. உள்ளே போனதை யார் கண்டது?

"சாமிப் பிரசாதம் சிந்தினது கூடாத சகுனம் எண்டு பூசைக்கு வந்த என்ரை மாமி அதிலையே சொல்லியிருப்பா. இவருக்கு மனம் விட்டுப்போகும். அதுதான் நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பிறகு கார் குழப்பினவுடனை, நான் சிந்தினதாலைதான் வந்ததெண்டு எனக்குத் தெரியும் அண்ணை. நாலு நாளா நித்திரை இல்லை."

"நீங்கள் சிந்தினதாலைதான் வந்தது" என்றேன். அவருடைய கண் கலங்கியது. "அழாதேங்கோ. சகுனத்தாலை இல்லை, சீனியாலை. கழுவினால் போயிடும்."

அவர் அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

சுவிச்சைக் கழற்றி, ஸ்பிரே அடித்துக் கழுவி, காற்றடித்துக் காயவைத்துப் பூட்ட ஒன்றரை மணி நேரம் எடுத்தது. ஒயிலையும் வடித்து அந்தக் காருக்கென்று சொல்லப்பட்ட ஒயிலையே விட்டேன். அதற்கும் குழப்பத்துக்கும் தொடர்பில்லை, என் மனச்சாட்சிக்காகச் செய்தது. இந்த முறை நானே ஓட்டிப் பார்த்தேன். தெல்லிப்பழை வரை போய்த் திரும்பினேன். 'டி' எழுத்து அசையவே இல்லை.

கழுவிய பிறகு

பதினொரு மணிபோல் தவராசா வந்தார். மாலினி அப்போது வெளியே சைக்கிளடியில் நின்றார். திருப்பிக் கொடுக்கும் காகிதங்களை ஒரு பைலில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். நான் சொன்னது பிழை, கியர்பொக்ஸ் சுகமாக இருக்கிறது, லீவர் சுவிச்சில் ஈரம் பட்டிருந்தது என்று சொன்னேன். பஞ்சாமிர்தம் என்று சொல்லவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டாம் என்று மாலினி கேட்டிருந்தார்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "பஞ்சாமிர்தமோ அண்ணை?" என்றார்.

நான் திகைத்துப் போனேன்.

"அவ துடைச்சதைக் கண்ணாடியிலை பாத்தனான். பிறேக்கை அமத்தினது நான்தானே. கேட்டால் தன்னிலை பழியைப் போட்டுக்கொண்டு அழுவா எண்டு காணாத மாதிரி இருந்திட்டன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஒருவர் மனம் நோகக்கூடாதென்று மற்றவர் வாயை மூடிக்கொண்டு, இரண்டு பேருமாகச் சேர்ந்து நல்ல காரொன்றைத் திருப்பிக் கொடுக்கப் போனார்கள். அவர்களை நோவானேன்? இருவரும் என் முன்னால் நின்ற செவ்வாய்க்கிழமை, காருக்குள் என்ன நடந்தது என்று நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் முடிந்திருக்கும். நான் ஒயிலைக் கேட்டேன், ஸ்கேனரைக் கேட்டேன். மனிதரைக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எந்த வண்டி வந்தாலும் பொனட்டைத் திறக்க முதல், கடைசியாக உள்ளே என்ன வைத்தீர்கள், என்ன சிந்தியது என்று கேட்பேன். ஓட்டினவரைத் தனியாக, பக்கத்தில் இருந்தவரைத் தனியாக.

அன்று தவராசா காரை வெளியே எடுத்தார். மாலினி ஏறவில்லை, சைக்கிள் இருக்கிறதே என்றார். அது சாட்டு என்று எங்கள் மூவருக்கும் தெரியும். கார் வாங்கிய நாளிலிருந்து தவராசா தனியே ஓட்டியதில்லை. றோட்டுக்கு ஏறும் இடத்தில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, மெதுவாகத் திருப்பிப் போனார். வீட்டுப் பக்கம் இல்லை, பள்ளிக்கூடம் இருக்கிற பருத்தித்துறைப் பக்கம்.

"அரை நாள் லீவுதான் போட்டவர்" என்றார் மாலினி.