ஆறு திருகுகளில் உடையாத கோடு

அக்கா மாடிப்படியில் தவறி விழுந்து, காலில் மாவுக்கட்டு போட்ட பதினோராம் நாள் தங்கை வேலைக்குத் திரும்பினாள். அவள் செருப்பை மாட்டும்போதே அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "மாசக் கடைசியில உன் ஒப்பந்தம் முடியுது. யார்கிட்டயும் வாய் கொடுக்காம வா."

"வாயைத் துணியால மூடிக்கிட்டாத்தான் அங்க உள்ளயே விடுவாங்க," என்றாள் தங்கை.

அது பொய்யில்லை. செயற்கைக்கோள் பூட்டும் அந்தக் கூடத்துக்குள் தலைக்கு உறை, காலுக்கு உறை, வாய்க்குத் துணி இல்லாமல் யாரும் நுழைய முடியாது. புயல் எங்கே உருவாகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று வானத்திலிருந்து பார்த்துச் சொல்லப்போகிற செயற்கைக்கோள் அங்கே ஆளுயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. தங்கை அங்கே ஒப்பந்த ஃபிட்டர். தொழிற்பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, ஏழு வருஷமாகத் திருகு முடுக்குகிறாள். பல் மருத்துவரிடம் இருப்பது போன்ற குட்டிக் கண்ணாடி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு எதையும் இரண்டாம் முறை எட்டிப் பார்ப்பாள் என்பதால், கூடத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அப்படிக் கூப்பிட்டாலும் கோபப்பட மாட்டாள்.

மேலாளர் வேலைக்குறிப்புத் தாளோடு காத்திருந்தார்.

"கேமரா உட்கார்ற தட்டு முடிஞ்சுது. இருபத்துநாலு ஸ்க்ரூ. ஆரம்பிச்சது நீங்க, அதனால உங்க கையெழுத்து வேணும். நாளைக்குக் காலையில உலுக்கல் சோதனை. பெரிய இடத்துலேர்ந்து ஆளுங்க பார்க்க வராங்க."

ராக்கெட் போகிற போக்கில் கோளை எப்படி உலுக்குமோ, அப்படி ஒரு மேடை மேல் வைத்து உலுக்கிப் பார்ப்பது அந்தச் சோதனை. தங்கை பேனாவை எடுக்கவில்லை. கண்ணாடியை எடுத்தாள்.

தட்டின் மேல் மின்கம்பிக் கட்டு ஏற்கெனவே பூட்டப்பட்டிருந்தது. இரண்டு விரல் நுழையும் இடைவெளி. அதற்குள் கண்ணாடியை விட்டு, விளக்கடித்து, ஒவ்வொரு திருகாகப் பார்த்தாள். எல்லாத் திருகின் தலையிலும் நீலக் கோடு. ஒரு கோடுகூட உடையவில்லை. வேறு யார் பார்த்தாலும் அழகாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள். அவள் முதலிலிருந்து மறுபடி பார்த்தாள்.

அந்தக் கூடத்தில் திருகு முடுக்குவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் பாதி இறுக்கம். அப்போது திருகின் தலையையும் பக்கத்துத் தகட்டையும் சேர்த்து ஒரே கோடாக நீல மை. பிறகு முழு இறுக்கம். திருகு கொஞ்சம் திரும்பும், கோடு இரண்டாக விலகும். உடைந்த கோடுதான் வேலை முடிந்ததற்குச் சாட்சி.

அக்கா விழுந்ததாகத் தொலைபேசி வந்தபோது, தட்டின் முதல் பக்கத்து ஆறு திருகுகளையும் பாதி இறுக்கி, கோடு போட்டு முடித்திருந்தாள். கையுறையைக் கழற்றி வீசிவிட்டு ஓடினாள். தாளில் ஒரு வரி எழுதவில்லை.

மீதியைச் செய்தவர் மீசை அண்ணன். விமானப் பட்டறையில் இருபது வருஷம் இருந்துவிட்டு மூன்று மாதம் முன்பு வந்தவர்.

"அண்ணா, இந்தப் பக்கம் ஆறையும் நீங்க இறுக்கினீங்களா?"

"அதான் முன்னாடியே முடிஞ்சிருந்துச்சேம்மா. கோடு இருந்துச்சு, பார்த்தேன். மத்த பதினெட்டையும் முழுசா இறுக்கிக் கோடு போட்டேன்."

"இறுக்கிட்டுக் கோடா?"

"வேற எப்படி? எங்க பட்டறையில கோடு இருந்தா முடிஞ்சதுன்னு அர்த்தம்." சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். மீசை துணிக்குள் இருந்தது. கண் மட்டும் மெல்ல விரிந்தது. "அடக் கடவுளே."

மேலாளர் நடுவில் புகுந்தார். "எந்தக் கோடு யார் போட்டதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் இடது கைக்காரி சார். என் கோடு சாய்ஞ்சிருக்கும். அந்த ஆறும் சாய்ஞ்சிருக்கு, ஒண்ணும் உடையல. பாதி இறுக்கத்துல நிக்குது."

"கம்பிக் கட்டைக் கழற்றினா மின் சோதனையெல்லாம் முதல்லேர்ந்து பண்ணணும். ரெண்டு நாள். வர்றவங்ககிட்ட நான் என்ன சொல்றது?" அவர் குரலைத் தாழ்த்தினார். "நிலாவுலயே இறங்கியாச்சு. நீங்க ஆறு ஸ்க்ரூவைப் பிடிச்சுத் தொங்குறீங்க."

"அதுலயும் யாரோ ஒருத்தர் ஸ்க்ரூவை முழுசா இறுக்கியிருக்காங்க சார். அதான் இறங்கிச்சு."

"மாசக் கடைசியில யார் யாரை வச்சுக்கிறதுன்னு பட்டியல் போடப்போறேன். ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு சார்."

"அப்ப கையெழுத்து போடுங்க."

"போடறேன்," என்று தாளை வாங்கினாள்.

அந்தத் தாள்களுக்கு ஒரு சட்டம் உண்டு. பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டிருக்கும். மையில் எழுதியதை யாரும் அழிக்கவோ கிழிக்கவோ கூடாது. எழுதிய குறைக்குப் பதில் வராமல் கோள் கூடத்தைவிட்டு நகராது. தங்கை குறிப்புக் கட்டத்தில், இடது கையால், நிறுத்தி நிதானமாக எழுதினாள்:

'தட்டின் முதல் பக்கம், திருகு ஒன்று முதல் ஆறு வரை பாதி இறுக்கம் மட்டுமே. பாதியில் விட்டதை எழுதாமல் போனது என் தவறு.'

அதன் கீழே கையெழுத்து, தேதி, நேரம்.

மேலாளர் படித்தார். "உங்க தலையில நீங்களே கல்லைத் தூக்கிப் போட்டுக்கறீங்க."

"என் தலைதானே சார். அந்தக் கேமரா ஆடினா புயல் எங்கேயோ இருக்க, வேற எங்கேயோ காட்டும். அப்ப யார் தலையில விழும்?"

சோதனையைத் தள்ளிவைக்கச் சொல்ல அவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கம்பிக் கட்டைக் கழற்ற மதியம் ஆயிற்று. மீசை அண்ணன் டார்க் ரெஞ்சைக் கையில் எடுத்தார். வேண்டிய இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சொல்லும் கருவி அது. "நான் திருப்பறேன், நீ பார்த்துச் சொல்லும்மா," என்றார். மேலாளர் கைகட்டி நின்றார்.

முதல் திருகு உடனே 'டிக்' என்றிருந்தால் அது முன்பே முழு இறுக்கம் என்றாகியிருக்கும், தங்கைக்கு அன்றோடு வேலை போயிருக்கும். அது சொல்லவில்லை. மீசை அண்ணனின் மணிக்கட்டு திரும்பியது, இன்னும் திரும்பியது. நீலக் கோடு நடுவில் பிளந்து விலகியது. அப்புறம்தான் 'டிக்'.

"ஒண்ணு," என்றாள். ஆறும் அப்படியே.

மற்ற பதினெட்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்கள். கை வைத்ததும் 'டிக்' என்றது, ஒன்றும் அசையவில்லை. "பார்த்தியா, என் வேலை சுத்தம்," என்றார் மீசை அண்ணன். அன்று முதல் முறையாக எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை.

"சரி, சரியாயிடுச்சு. அந்தப் பக்கத்தை விட்டுட்டு வேற தாள்ல புதுசா எழுதிக்கலாம். உங்களுக்கும் நல்லது. உங்க தப்புன்னு வேற எழுதி வச்சிருக்கீங்க."

"அது அங்கயே இருக்கட்டும் சார். என்ன செஞ்சோம்னு கீழ எழுதியிருக்கேன், அண்ணனும் கையெழுத்து போட்டுட்டாரு. அடுத்தது உங்க இடம்." தாளை நீட்டி, பேனாவின் மூடியைத் தானே திறந்து கொடுத்தாள்.

அவர் அவளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போட்டார். "பட்டியல் இன்னும் போடலை," என்றார்.

"போடுங்க சார். நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுவேன். மின் சோதனைக்கு ஆள் வேணுமே."

வீட்டில் அக்கா மாவுக்கட்டுக் காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, தங்கையின் முகத்தைப் பார்த்ததுமே கேட்டாள்: "வாய் கொடுத்துட்டியா?"

"இல்லக்கா. எழுதியே கொடுத்துட்டேன்."

அன்று பாதியில் விட்டு ஓடிவந்ததையும் மேலாளரின் பட்டியலையும் தங்கை சொன்னாள். "எத்தனை ஸ்க்ரூ?" என்றாள் அக்கா.

"ஆறு."

"முழுசா ஏறிச்சா?"

"ஏறிச்சு."

"அப்ப அவர் பட்டியலை அவரே வச்சுக்கட்டும்," என்ற அக்கா, தங்கை உட்காருவதற்காகக் காலைக் கையால் தூக்கி நகர்த்தி இடம் விட்டாள்.