செமினாருக்கு நெய்ப் பொங்கல்

உனக்கு எதற்கு அந்தக் கதை? கணக்கு டிபார்ட்மெண்டில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால் ரேஷன் கடையில் பருப்பு சேர்த்துப் போடுவார்களா? பேத்தி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாளாம், பின்னாலேயே ஆயா பெரிய தூக்கோடு போனாளாம், அதற்குள் ஊருக்கெல்லாம் காது முளைத்துவிட்டது. கீழ்வீட்டுக்காரிக்கு ஒரு கதை சொன்னேன், அவள் தெருவுக்கே சொல்லிவிட்டாள். அது போதாது, நிஜமும் வேண்டும் என்கிறாய். சரி, உட்கார்.

என் பேத்தி கணக்கில் ஆராய்ச்சி செய்கிறாள். நான் ஐந்தாவதோடு நிறுத்திக்கொண்டவள். அதிலும் கணக்கு வகுப்பில் பாதி நாள் வெளியேதான் நின்றேன். எதைப் பற்றி ஆராய்ச்சி என்று கேட்டால் ஏதோ ஒரு வெளி என்பாள். அது எங்கே இருக்கிறது என்றால், யாரும் பார்க்க முடியாது என்பாள். யாரும் பார்க்க முடியாததை இவள் மட்டும் ஐந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பங்குச் சாமியாரும் அதே தொழில்தான் செய்கிறார் என்பதால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

நடுவில் இரண்டு வீட்டிலிருந்து பெண் பார்க்க வருகிறோம் என்றார்கள். ஒருவர் சாந்தோமிலேயே நல்ல குடும்பம், பையனுக்கு ஸ்கூலில் வேலை. இவள் ஒரே பிடியாக மாட்டேன் என்றாள்.

"புடவ கட்டிக்கிட்டு, கேசரித் தட்டத் தூக்கிக்கிட்டு, முன்னபின்ன தெரியாதவங்க எதிர்ல நிக்கணுமா ஆயா? அவங்க சாப்ட்டுட்டு, புடிச்சிருக்கா இல்லையான்னு சொல்வாங்களா? என்னால முடியாது."

நியாயம்தான் என்று விட்டுவிட்டேன். போன மாசம் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"ஆயா, அடுத்த வாரம் என் செமினார். டிஃபன் நாமதான் கொண்டு போகணும்."

"எத்தினி பேரு வராங்க?"

"கமிட்டில அஞ்சு பேரு."

"தெரிஞ்சவங்களா?"

"ரெண்டு பேரு வெளி காலேஜ்."

"இன்னா கட்டிக்கினு போவ?"

கொஞ்சம் யோசித்தாள். "புடவ."

"இனிப்பு இன்னா?"

"கேசரி."

"பாட்டு எதுனா பாடச் சொல்வாங்களா?"

"ஆயா, சும்மா இரு."

சும்மா இருந்தேன். ஆனால் சிரித்துக்கொண்டே சும்மா இருந்தேன்.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். எழுதி முடித்த ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகத்தில் கொடுப்பதற்கு முன்னால், இந்த ஐந்து பேருக்கும் எதிரில் ஒரு மணி நேரம் பேச வேண்டும். அவர்கள் கேள்வி கேட்பார்கள், இவள் பதில் சொல்ல வேண்டும், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வேலை. இவளுடைய கைடு மேடம் இந்த மாசக் கடைசியில் ரிட்டயர் ஆகிறார். இப்போது கையெழுத்து விழாவிட்டால் வேறு ஒரு கைடைத் தேடி, அவருக்கு எல்லாவற்றையும் மறுபடி புரியவைத்து, இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ.

கமிட்டியில் ஒரு பெரிய சார் இருக்கிறார். போன முறை ஒரு பையனைக் கேள்வி கேட்டே உட்கார வைத்துவிட்டார். அந்தப் பையன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

"எல்லாரையும் அப்டிதான் கேப்பாரா?"

"முழிச்சிக்கிட்டு இருந்தாதான் ஆயா. பாதி செமினார்ல தூங்கிடுவாரு. தூங்கி எழுந்தார்னா எப்பவும் ஒரே கேள்விதான் கேப்பாரு. அதுக்கு டிபார்ட்மெண்ட்ல எல்லாருமே பதில் ரெடியா வெச்சிருப்பாங்க."

இவ்வளவு சொன்ன பிறகு என்ன சமைப்பது என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எனக்குக் கைவந்தது பட்டினப்பாக்கத்து வஞ்சிரம்தான். ஆனால் வஞ்சிரம் தின்றவன் தூங்க மாட்டான், இன்னொரு துண்டு வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பான். தூக்கத்துக்குப் பொங்கலை விட்டால் வேறு இல்லை. குழைய வேகவைத்து, முந்திரியைத் தாராளமாகப் போட்டு, நெய்யைக் கரண்டியால் விடாமல் பாட்டிலைச் சாய்த்தேன்.

"டிஃபன் கடைசிலதான் குடுப்பாங்க ஆயா."

"ஆறுன பொங்கல மனுசன் துன்னுவானா? மொதல்லயே குடு."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். படித்த பெண், புரிந்திருக்கும். தட்டுகளை எண்ணிப் பையில் வைத்தாள். தூக்கைத் தனியாகத் தூக்க முடியாது என்று நானும் ஆட்டோவில் ஏறினேன்.

செமினார் அறை எங்கள் கோயிலைவிடக் குளிர்ச்சி. பெரிய சார் முதல் தட்டைக் காலி செய்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்குமா?" என்றார். இரண்டாம் தட்டை நானே வைத்தேன். கைடு மேடமும் சாப்பிட்டார். வெளி காலேஜ்காரர்கள் இருவரும் ரயிலில் வந்த பசியில் சாப்பிட்டார்கள். ஐந்தாவது ஆளாகக் குறிப்பு எழுத வந்திருந்த இளவயசு சார் மட்டும் டயட் என்று சொல்லி, டப்பாவில் கொண்டுவந்த வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் கடைசி வரிசையில், காலித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பேத்தி பேச ஆரம்பித்தாள். திரையில் எழுத்தும் வளைவும் அம்புக்குறியுமாக ஓடின. நாலாவது படத்துக்கு முன்பே பெரிய சாரின் தலை சாய்ந்தது. என் மனசுக்குள் ஒரு ஜெபமாலை சொன்ன சந்தோஷம். ஆனால் அதோடு நிற்கவில்லை. வெளி காலேஜ்காரர்களில் ஒருவர் சாய, அவர் தோளில் மற்றவர் சாய்ந்தார். கடைசியில் கைடு மேடமும் கன்னத்தில் கை வைத்தபடி போய்விட்டார். நெய் கொஞ்சம் அதிகம்தான்.

பேத்தி நிறுத்தவில்லை. ஐந்து வருஷ வேலையையும், தூங்குகிற நாலு பேருக்கும் ஒரு வெள்ளரிக்காய்க்கும், அடி முதல் நுனி வரை சொல்லி முடித்தாள். "கேள்வி இருந்தா கேக்கலாம்" என்றாள்.

கோயிலில் பிரசங்கம் நின்றால் எல்லாரும் தானாக விழித்துக்கொள்வார்கள். இங்கேயும் அப்படித்தான் என்று நம்பியிருந்தேன். ஒருவரும் அசையவில்லை. ஏசி மட்டும் உறுமியது.

இளவயசு சார் பேனாவோடு நெளிந்தார். "நான் வேற ஏரியாம்மா, எனக்குக் கேக்கத் தெரியல. யாருமே கேக்கலன்னா என்ன எழுதறது? இன்னொரு தேதி வெச்சுக்கலாமா?"

பேத்தியின் முகம் கேசரி நிறத்திலிருந்து அரிசி நிறத்துக்கு வந்தது. இன்னொரு தேதி என்றால் கைடு மேடம் வீட்டில் இருப்பார்.

அப்போது என் மடியிலிருந்து தூக்கின் மூடி நழுவியது. நழுவியது என்றுதான் சொல்கிறேன், நீயும் அப்படியே வைத்துக்கொள். சிமெண்டுத் தரையில் எவர்சில்வர் மூடி விழுந்து, சுற்றி, பெஞ்சுக்கு அடியில் போய் அடங்க நேரம் எடுத்தது. பெரிய சார் நிமிர்ந்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். அவருக்கு எந்த அவசரமும் இல்லை.

"எல்லாம் சரிம்மா. இதையே முடிவில்லாத பரிமாணத்துக்குக் கொண்டு போனா என்ன ஆகும்?"

அவருடைய ஒரே கேள்வி. பேத்தி மூச்சு விட்டாள். திரையை அணைத்துவிட்டுப் பலகைக்குப் போனாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். ரெடியாக வைத்திருக்கும் பதில் இரண்டு வரி இருக்கும் என்று நினைத்தேன், பலகை நிறைந்துவிட்டது. பெரிய சார் முதலில் சாய்ந்து கேட்டார், பிறகு முன்னால் குனிந்து கேட்டார், பிறகு எழுந்தே போய்ப் பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். என் பொங்கலைத் தின்றவர் நடந்து போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நல்லாருக்கு" என்றார். கைடு மேடம் அதற்குள் விழித்து, ஆரம்பத்திலிருந்து கேட்டவர் போல, "ரொம்ப நல்லாருக்கு" என்றார்.

"வேற கேள்வி?" என்றார் இளவயசு சார்.

பெரிய சார் கடைசி வரிசைப் பக்கம் திரும்பினார். "பொங்கலுக்கு எவ்ளோம்மா நெய் விட்டீங்க?"

"அளந்து வுடல சார்."

இளவயசு சார் எழுதியதைச் சத்தமாகப் படித்தார்: இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன, இரண்டுக்கும் திருப்தியான பதில் தரப்பட்டது. ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆட்டோவில் திரும்பினோம். அடையாறு பாலத்தின் மேல் பேத்தி பேசினாள்.

"அந்தப் பதிலுக்கு எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு ஆயா. மத்தவங்க ஏதோ சொல்லிச் சமாளிப்பாங்க. நான் நிஜமாவே போட்டுப் பாத்தேன். அதையாவது கேட்டாரு. மிச்சத்த ஒருத்தரும் கேக்கல."

"நான் கேட்டேனே."

"புரிஞ்சுதா?"

"ஒண்ணியும் புரியல. ஆனா முழிச்சிக்கினு கேட்டேன்."

வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சாந்தோம் வளைவில் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மூடி நல்லாத்தான் நழுவுச்சு ஆயா."

ஆட்டோ நிற்பதற்குள் கீழ்வீட்டுக்காரி வாசலில். பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"இன்னா ஆயா, பொண்ணு பாத்தாங்களா?"

"பாத்தாங்க. அஞ்சு பேரு."

"அம்மாடி. புடிச்சிருக்காமா?"

"சாப்ட்டாங்க, அவள ஒரு கேள்வி கேட்டாங்க, என்னிய ஒரு கேள்வி கேட்டாங்க, புடிச்சிருக்குன்னு அங்கயே கையெழுத்துப் போட்டுட்டாங்க. ஊட்டுக்குப் போயி சொல்லியனுப்பறோம்ன்ற பேச்சே இல்ல."

"மாப்பிள்ள இன்னா பண்றாரு?"

"மாப்பிள்ளையா? அவரு யாரு கண்ணுக்கும் தெரிய மாட்டாராம். இவ அஞ்சு வருசமா பாத்துக்கினு கீறா" என்று சொல்லிவிட்டு, காலித் தூக்கோடு மாடி ஏறினேன்.