தெகிவளை வீட்டுக்கு ஒரு கையெழுத்து

தெகிவளைக் கடலோர வீடு விலைக்கு வந்துவிட்டது என்ற செய்தி மலைநாட்டுக் கொட்டகலைக்கு வந்து சேர்ந்த அன்று, அம்மாக்கண்ணு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். செய்தியைக் கொண்டுவந்தவன் அந்த வீட்டுப் பிள்ளை, அவள் தூக்கி வளர்த்த நிரோஷன். இரண்டு வருடமாகக் கண்ணில் படாத பிள்ளை வேனை விட்டு இறங்கிச் சேற்றில் நின்றான். அவள் கையிலிருந்த கோடரி நழுவியது.

"என்னப் பார்க்கவா தம்பி வந்தீங்க?"

"ஆமா கண்ணும்மா. அப்படியே ஒரு சின்ன வேலையும் இருக்கு."

தெகிவளை வீட்டு வேலைக்கு அவள் போனபோது வயது பத்து. தோட்டமே பட்டினி கிடந்த வருடம் அது. நாற்பத்தெட்டு வருடம் அங்கே இருந்தாள். சிவப்புச் சிமெந்துத் தரையை மெழுகு பூசித் தேய்த்தாள். உப்புக்காற்று தின்ற ஜன்னல் கம்பிகளுக்கு வருடந்தோறும் எண்ணெய் தடவினாள். காலி ஊருக்குப் போகும் ரயில் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஓடும்போதெல்லாம் கதவு மேலிருந்த வண்ணக் கண்ணாடிகள் கிலுகிலுக்கும். அந்தச் சத்தத்தில் விழிக்கும் குழந்தை நிரோஷனைத் தோளில் போட்டுத் தட்டியவளும் அவள்தான். பெற்றவள் பள்ளிக்கூட அதிபர், வீடு திரும்ப மாலையாகும். அதனால் அவனுடைய தமிழே அம்மாக்கண்ணு ஊட்டிய சோற்றோடு உள்ளே இறங்கிய தமிழ். அவளுக்கென்று ஒரு கல்யாணம் இருந்திருக்கலாம் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கே தோன்றவில்லை!

அதிபர் அம்மா கண்ணை மூடியதும் வீட்டைப் பூட்டினார்கள். அம்மாக்கண்ணு அண்ணன் மகள் சுதர்ஷினியோடு இருக்க லயத்துக்கு வந்தாள். ஆனால் அந்த அம்மா போகுமுன் வீட்டின் உரிமைப் பத்திரமான உறுதியில் ஒரு வரி எழுதி வைத்திருந்தார். அம்மாக்கண்ணு உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் வசிக்கலாம். அவளாக அந்த உரிமையை விட்டுக்கொடுத்தாலன்றி, வீட்டை வாங்க யாரும் துணிய மாட்டார்கள்.

"ஹட்டனுக்கு வந்து, பத்திரம் எழுதுற நொத்தாரிசு முன்னால ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்" என்றான் நிரோஷன்.

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "இன்னைக்கு செவ்வாக்கிழம தம்பி. வேணாம். இன்னொரு நாள் வாங்க."

அடுத்த மாதம் வந்தான். அவள் கோழி அடித்துக் குழம்பு வைத்து, அவன் தட்டு காலியாகக் காலியாகப் பரிமாறினாள். கை கழுவியதும், "மார்கழி மாசம் நல்ல காரியம் கூடாது. தை பொறக்கட்டும்" என்றாள்.

வேன் போனதும் சுதர்ஷினி பிடித்துக்கொண்டாள். "அத்தை, மெய்யாச் சொல்லுங்க. பயமா? நம்ம தாத்தா என்னன்னு தெரியாம பேப்பர்ல கைநாட்டு வச்சுத்தானே இந்த நாட்டை விட்டே கப்பலேறிப் போனாரு?"

"போடி, எனக்கென்ன பயம்!"

"அப்ப அந்த வீட்டுக்கே திரும்பிப் போகணுமா?"

"காலி வீட்டுல நான் யாருக்குச் சோறாக்க?" என்றவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதினாள்.

தைப் பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் நிரோஷன் மறுபடி வந்தான். இந்த முறை சிரிப்பில்லை. மாதக் கடைசிக்குள் உறுதி எழுதி முடியாவிட்டால் வாங்குகிறவர் விலகிவிடுவாராம். "உங்களுக்கு என்னதான் வேணும் கண்ணும்மா? வாயைத் திறந்து சொல்லுங்களேன்!" என்று வாசலில் கத்தியேவிட்டான். பக்கத்து வீடுகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. அவள் உள்ளே போனாள். நல்ல சேலையை உடுத்திக்கொண்டு வேனில் ஏறினாள்.

ஹட்டனில் நொத்தாரிசு செல்லசாமி கண்ணாடியைத் தூக்கி அவளைப் பார்த்தார். சாட்சிகள் இருவரும் நாற்காலிகளை நகர்த்திக்கொண்டார்கள். பத்திரம் முழுவதையும் வாசித்துக் காட்டிவிட்டு, "யாரும் வற்புறுத்தலியே? ஏதாவது கேக்கணும்னா இப்பவே கேளுங்கம்மா" என்றார்.

"ஒண்ணு கேக்கணுங்க ஐயா."

"கேளுங்க."

"இதுல எழுதிக் குடுத்தப்புறம், தம்பி கொட்டகலைப் பக்கம் வர்றதுக்கு இன்னும் ஏதாவது வேலை மிச்சம் இருக்குமாங்க?"

செல்லசாமி பத்திரத்தை மேசையில் வைத்தார். மெதுவாகத் திரும்பி நிரோஷனைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமையும் மார்கழியும் எதற்கு என்று அந்த நிமிடம்தான் அவனுக்கு விளங்கியது. ஐயோ, ஒரு தாய் பிள்ளையைப் பார்க்கக் கண்டுபிடித்த வழியா அது! அவன் தலை கவிழ்ந்தது. "இன்னைக்கு வேணாம்... நாம போவோம்" என்றான்.

"வேணாந்தம்பி. உங்க காரியம் கெட்டுடும்." அவள் பேனாவை வாங்கித் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

லயத்தில் இறக்கிவிட்டபோது அவன் அவள் கையைப் பிடித்தான். "அடுத்த மாசம் வருவேன் கண்ணும்மா."

"சொல்லாதீங்க தம்பி. சொல்லிட்டீங்கன்னா நான் ரோட்டப் பார்த்துக்கிட்டே நிக்கணும்."

மாசியில் வீடு கைமாறியது. பங்குனி போனது. சித்திரையும் போனது. அம்மாக்கண்ணு அவன் பேச்சையே எடுக்கவில்லை. கேட்டவர்களிடம், "பிள்ளைக்கு ஆயிரம் சோலி" என்றாள்.

வைகாசியில் ஒரு ஞாயிறு, மழைக்கு நடுவே, ரயிலில் வந்து ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்தான் நிரோஷன். தலையெல்லாம் ஈரம். அவள் எழுந்தாள். கண்கள் முதலில் அவன் கைகளைத்தான் தேடின.

"இன்னும் எதுலயாவது கையெழுத்து வாங்கணுமா தம்பி?"

"இல்ல கண்ணும்மா," என்று அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "பசிக்குது."