ரிஸ்டென் கேட்கும் முதல் கேள்வி

"யாருக்குப் பயந்து ஓடி வர்றீங்க?"

போனை எடுத்ததும் ரிஸ்டென் கேட்பது இதைத்தான். வணக்கமெல்லாம் கிடையாது. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, உலர்ந்த கலைமான் இறைச்சியைக் கத்தியால் சீவிச் சீவிக் காப்பிக் கோப்பைக்குள் போட்டபடியே பேசுவாள். மறுமுனையில் ஏதோ ஒரு பெரிய நகரத்துக் காதலர்கள் திகைத்துப் போயிருப்பார்கள். துருவத்தை ஒட்டிய எங்கள் ஊருக்கு வந்து, வீட்டுக்குத் தெரியாமல், மலைமேல் வெட்டவெளியில் கல்யாணம் செய்துகொள்ள எந்த மாதம் நல்லது என்று கேட்கத்தான் அவர்கள் கூப்பிட்டது.

"மாசத்த நான் சொல்றேன். மொதல்ல ஆளச் சொல்லுங்க."

அம்மாவுக்குப் பயந்து என்றால் நவம்பர் கடைசி. சூரியனே எட்டிப் பார்க்காத இருட்டில் மூன்று விமானம் மாறி எந்தத் தாயும் வந்து நிற்க மாட்டாள் என்பது அவள் தீர்மானம். கூட்டாளிகளுக்குப் பயந்து என்றால் ஜூலை. "எங்க ஊர்க் கொசு அவங்களப் பாத்துக்கும்." பழைய காதலன், பழைய காதலி என்று இழுத்தால் மே மாத நடு. அப்போது ஆற்றில் பனிக்கட்டி உடைந்து கிடக்கும். பனி ஸ்கூட்டரும் போகாது, படகும் போகாது. தேடி வருகிறவன் அக்கரையில் நின்று கையாட்ட வேண்டியதுதான். யாருக்கும் பயமில்லை, சும்மா ஆசைக்கு என்பவர்களுக்கு ஏப்ரல். வெயிலும் உண்டு, பனியும் உண்டு. மான் இழுக்கும் சறுக்குவண்டியில் மலைக்குப் போக மூன்று மணி நேரம் பிடிக்கும்.

"மனசு மாறணும்னா மாறட்டும். வழி நெடுக நேரம் கெடக்கு."

இரண்டு ஜோடிகள் அப்படிப் பாதி வழியில் மனம் மாறித் திரும்பியும் இருக்கிறார்கள். வயிறாரச் சாப்பாடு போட்டு, தனித்தனி விமானத்தில் ஏற்றிவிட்டாள். வானத்தில் பச்சைத் துருவ ஒளி தெரியுமா என்று கேட்பவர்கள்மேல் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் எரிச்சல். "அத நான் விக்கிறதில்ல. வந்தா அதப் பாருங்க, வராட்டி என்னப் பாருங்க" என்பாள்.

ஐம்பத்தெட்டு வயது. குட்டையான உருவம். ஆறு வருடத்துக்கு முன்பு ஸ்கூட்டர் கவிழ்ந்து இடது முழங்கால் போனதால் மான் மந்தையை விற்றுவிட்டு, ஓடி வருகிறவர்களுக்குக் கல்யாண ஏற்பாடு செய்யும் இந்தத் தொழிலுக்கு வந்தாள். அந்த முழங்கால் இன்றுவரை முழுதாக மடங்குவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் மடியை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும்.

கல்யாணத்துக்குச் சட்டப்படி இரண்டு சாட்சிகள் வேண்டும். ஓடி வருகிறவர்கள் சாட்சியையா கூட்டிக்கொண்டு வருவார்கள்? ஒரு சாட்சி ரிஸ்டென், இன்னொன்று நம் நாட்டிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட நான். இந்த ஊர்க் கூட்டுறவுக் கடையில் பத்தொன்பது வருடமாகக் கல்லாவில் உட்காருகிறேன். "கடைக்காரி, சனிக்கெழம கையெழுத்து இருக்கு, நல்ல பூட்ஸா போட்டுட்டு வா" என்று அவள் சொன்னால் போய்விடுவேன். இதுவரை நாற்பத்தொரு ஜோடி.

அவள் இடுப்பில் ஒரு மாவுச் சல்லடை எப்போதும் தொங்கும். கடுங்குளிரில் விரல் இளைத்துவிடும், மோதிரம் நழுவிவிடும். ஒரு பிப்ரவரியில் விழுந்த மோதிரம் ஜூன் மாதம்தான் பாசிக்கு நடுவே கிடைத்தது; அன்று முதல் இந்தச் சல்லடை. அந்தக் குளிரில் பனி ரவை மாதிரி உதிரியாக இருப்பதால் சலிப்பது சுலபம்தான். ஆனால் முழங்காலோடு அவள் படும் பாட்டைப் பார்த்து நான் கை நீட்டினால் தரமாட்டாள். "ஒனக்குப் பொறும பத்தாது" என்பாள். நாற்பத்தொரு கல்யாணத்தில் ஒருமுறைகூட அதை இன்னொருவர் கையில் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அவளுடைய அக்கா எல்லென் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். எங்கள் ஊரில் கல்யாணம் என்றால் ஈஸ்டருக்குத்தான். மந்தைகள் பக்கத்தில் இருக்கும், சனமும் கூடியிருக்கும். கடை வாசலில் அறிவிப்பு ஒட்டினால் போதும், தொள்ளாயிரம் பேர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்ட ஊரில் தங்கை இந்தத் தொழிலில் இறங்கியதை எல்லென் பொறுக்கவில்லை. "பெத்தவங்கள ஏமாத்துறதுக்கு என் கூடப்பொறந்தவ கூலி வாங்குறா" என்று என் கல்லா முன்னால் நின்றே சொன்னாள். ஆறு வருடம் பேச்சு இல்லை. மகன் நீல்லாஸுக்கு ஈஸ்டரில் கல்யாணம் என்று முடிவான பிறகு, போன இலையுதிர் காலத்தில், அவளே வந்து, கல்யாணச் சமையல் உன் பொறுப்பு என்று மான்கறிக் குழம்பு வைக்கும் அண்டாக்களைத் தங்கையிடம் ஒப்படைத்தாள். ரிஸ்டென் அந்த அண்டாக்களை ஒரே வாரத்தில் மூன்று தடவை தேய்த்துக் கழுவினாள். பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

டிசம்பரில் நீல்லாஸ் வந்தான். நானும் அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். இந்த ஊர்க்காரர்கள் பேச்சில் அம்மாவின் அக்காவுக்கு ஒரு சொல், தங்கைக்கு வேறு சொல். நம் பெரியம்மா, சித்தி போலவே.

"சித்தி, எனக்கு ஒரு ஃபிரெண்டு. ஊருக்குத் தெரியாம கல்யாணம் பண்ணிக்கணுமாம். எந்த மாசம் நல்லதுன்னு கேட்டான்."

"யாருக்குப் பயந்து?"

"யாருக்கும் இல்ல."

"அப்ப ஏப்ரல்."

"ஏப்ரல் வரைக்கும் அவ தாங்கமாட்டா சித்தி."

ரிஸ்டென் கத்தியைக் கீழே வைத்தாள். அவன் கட்டிக்கொள்ளப் போகிற சுன்னாவின் அப்பா, நவம்பரில் சரியாக உறையாத ஆற்றில் ஸ்கூட்டரோடு மூழ்கிப் போனவர். ஊருக்கே தெரிந்த துக்கம்.

"அவர எடுத்த அன்னைக்கி நானூறு பேர் அவ கையப் புடிச்சாங்க" என்றான் நீல்லாஸ். ஃபிரெண்டை மறந்துவிட்டான். "ஈஸ்டருக்குத் தொள்ளாயிரம் பேர் புடிப்பாங்க. ஆளுக்கு ஒரு வார்த்தை அவரப் பத்திச் சொல்லுவாங்க. எல்லாரும் நல்ல மனசோடதான் சொல்லுவாங்க, அதான் பயமா இருக்குங்கறா."

ரிஸ்டென் விரலை மடக்கி வாரங்களை எண்ணினாள்.

"ஜனவரி. சூரியன் திரும்பி வர்ற வாரம்."

"மைனஸ் முப்பத்தஞ்சு டிகிரி குளிர் இருக்குமே."

"அதுக்குத்தான் சொல்றேன். அந்தக் குளிர்ல ஒருத்தரும் கையுறையக் கழட்டிக் கை குடுக்கமாட்டாங்க."

அந்த வாரத்தை அவள் அதுவரை எந்த ஜோடிக்கும் சொன்னதில்லை. கேமரா செத்துவிடும், இமை ஒட்டிக்கொள்ளும் என்று விரட்டிவிடுவாள்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத சித்தி" என்று கேட்டுவிட்டு அவன் போய்விட்டான்.

சொல்லாமல் செய்தால், ஆறு வருடம் கழித்துக் கிடைத்த அக்கா இனி ஜென்மத்துக்கும் வாசல் மிதிக்க மாட்டாள். சொன்னால், அவள் தடுத்துவிடலாம்; அந்தப் பெண்ணின் கதி? எனக்கே தலை கிறுகிறுத்தது. பேசாமல் ஒதுங்கிக்கொள் என்றேன்.

"வந்தவங்க எல்லாரையும் யாருக்குப் பயந்து ஓடுறீங்கன்னு கேட்டேன்" என்றாள் ரிஸ்டென். "என்னய எவளும் கேக்கலயே."

மறுநாள் அவள் முதலில் சுன்னாவிடம் போனாள். மாமியாரை மட்டும் சாட்சிக்குக் கூப்பிடலாமா என்று கேட்டாள். அந்தப் பெண் நிறைய யோசித்துவிட்டு, "ஒரு ஜோடிக் கைதான, பரவால்ல" என்றது. அங்கிருந்து நேரே, டிசம்பரில் கெட்டியாக உறைந்துவிட்ட ஆற்றின்மேல் காரிலேயே தாண்டி, அக்கா வீட்டுக்கு. என்னை உள்ளே வரவேண்டாம் என்றுவிட்டதால் காரை அணைக்காமல் ஒன்றரை மணி நேரம் வெளியே காத்திருந்தேன். வந்து ஏறியவளிடம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அண்டாவத் திருப்பிக் குடுன்னுட்டா."

அன்று மாலையே இரண்டு பேருமாக அண்டாக்களைக் கொண்டுபோய் வாசலில் இறக்கிவைத்தோம். கதவு திறக்கவில்லை. அடுத்த வாரம் எல்லென் கடைக்கு வந்து, கதவில் ஒட்டியிருந்த மகனின் ஈஸ்டர் கல்யாண அறிவிப்பைப் பிரித்தெடுத்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். காப்பித்தூள் வாங்கினாள். கோபத்தில் எடுத்தாளா, மனமிரங்கி எடுத்தாளா, அவள் முகத்திலிருந்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ஜனவரியில் அந்த நாள் வந்தது. மைனஸ் முப்பத்துநாலு டிகிரி. நண்பகலில் மலை விளிம்பில் சூரியன் விரற்கடை அளவு தெரிந்தது. சுன்னா, நீல்லாஸ், காலை மாற்றி மாற்றி வைத்து நிற்கும் நகராட்சி அதிகாரி, ரிஸ்டென், நான். எல்லென் வராவிட்டால் கையெழுத்து நான் போட வேண்டும். அதிகாரி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். ரிஸ்டென் "இன்னும் கொஞ்சம்" என்றாள், மூன்றாவது முறையும் "இன்னும் கொஞ்சம்" என்றாள்.

பிறகுதான் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. எல்லென் முழு அலங்காரத்தில் வந்து இறங்கினாள். தோல் கோட்டுக்குள் வெள்ளிப் பதக்கங்கள் கிணுகிணுத்தன. தங்கையைப் பார்க்கவே இல்லை. சுன்னாவின் எதிரே போய் நின்றாள். கையை நீட்டவில்லை, செத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"நான் எங்க கையெழுத்துப் போடணும்?" என்று அதிகாரியைக் கேட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, இமை ஒட்டிக்கொண்டது.

நீல்லாஸ் மோதிரத்தைப் போட்டான். சுன்னா கையுறையை மாட்டப்போகும் நேரத்தில் அது நழுவிப் பனிக்குள் போய்விட்டது. வெறும் விரலைப் பார்த்தபடி அவள் அப்படியே நின்றாள். நான் பழக்கதோஷத்தில் ரிஸ்டெனைப் பார்த்தேன். இடுப்பிலிருந்து சல்லடையை அவிழ்த்தாள். ஒரு கணம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு பிடியைத் திருப்பி எல்லெனிடம் நீட்டினாள்.

"அக்கா, எனக்கு முட்டி மடங்காது. நீ சலி."

எல்லென் சல்லடையைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். இரண்டு கையுறைகளையும் கழற்றிக் கீழே போட்டுவிட்டு அதை வாங்கிக்கொண்டு மண்டியிட்டாள். வெறுங்கையால் பனியை அள்ளி அள்ளிச் சலிக்க ஆரம்பித்தாள்.

ரிஸ்டென் பல்லைக் கடித்து முழங்காலை முடிந்தவரை வளைத்து, பனியில் கிடந்த கையுறைகளை எடுத்து உதறினாள். ஆறிப்போகாமல் இருக்கட்டும் என்று கோட்டைத் திறந்து நெஞ்சோடு சேர்த்து உள்ளே வைத்துக்கொண்டாள்.