அக்கா பார்க்கக் கேட்ட செல்

போன வருடம் தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த சமயம். மலேசியாவில் மலாக்கா டவுனை ஒட்டிய ஒரு பல்கலைக்கழகத்தில் நான் ஆய்வு மாணவி. பக்கத்து ஊரான ஜாசினில் ஒரு பேரங்காடியின் கவுண்டரில் வேலை செய்யும் என் அக்காவுக்கு மார்பில் கட்டி தெரிந்தது. ஆஸ்பத்திரியில் ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவுக்குக் காத்திருந்தோம்.

என் ஆய்வே மார்பகப் புற்றுநோய்ச் செல்களைப் பற்றியதுதான் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. 'ஏதோ லேப் வேலை' என்று சொல்லிவைத்திருந்தேன். நம் உடம்பில் செல்களைச் சுற்றி நூல் நூலாக நார்கள் பின்னிக் கிடக்கும். அதே மாதிரி நார்களைச் சின்னத் தட்டில் உருவாக்கி, அதற்குள் செல்லை விட்டு, நுண்ணோக்கியில் படம் பிடிப்போம். செல் சும்மா இருக்காது. மெல்லிய விரல் போல ஒன்றை நீட்டித் துழாவும். ஒரு நார் அகப்பட்டதும் பிடித்து இழுக்கும். பக்கத்து நார்களும் அதை நோக்கி நேராகிவிடும். அப்புறம் அந்த வழியிலேயே ஊர்ந்து போகும்.

அதை அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள்தான் நான். அந்த வாரம் படம் ஓடத் தொடங்கியதுமே திரையை அணைத்துவிடுவேன். அக்காவுக்குள்ளும் ஒன்று இப்போது இப்படித் துழாவிக்கொண்டிருக்குமோ?

அக்கா போன் செய்தால் பேச்சை அவசரமாக முடித்துவிடுவேன். ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"ஏன்லா என்கிட்ட சரியா பேசமாட்டேங்கிற?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா உடனே சொன்னாள்.

"எனக்கு அதைப் பாக்கணும்."

"வேணாம்க்கா, பயந்துருவ."

"இப்ப மட்டும் பயப்படாமலா இருக்கேன்? காட்டு லா."

பேராசிரியரிடம் அனுமதி கேட்டேன். வேலைச் சட்டையோடு பஸ் ஏறி வந்தாள் அக்கா. கணினியில் படத்தை ஓட்டினேன். செல் விரலை நீட்டியதும் அவள் கைப்பை வாரை இறுக்கிக்கொண்டாள். நிறுத்தலாமா என்று நினைத்தபோது கேட்டாள்.

"எல்லாமே இப்படி வெளிய வந்துருமா?"

"இல்லக்கா. முதல்ல மார்புல இருக்கிற பால் குழாய்க்குள்ளதான் இருக்கும். அதைச் சுத்தி மெல்லிசா ஒரு சுவரு. அதைத் தாண்டினாத்தான் இந்த நாருங்க கிட்ட வந்து பரவ முடியும்."

"அப்ப தாண்டுச்சா இல்லையான்னுதான் கேக்கணும்."

முடிவு சொல்லும் நாளில் டாக்டர் தாளைப் புரட்டினார். புற்றுநோய்தான் என்றார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அக்காதான் மலாய் மொழியில் கேட்டாள், அது குழாய்ச் சுவரைத் தாண்டிவிட்டதா என்று.

டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எடுத்த சதையில் தாண்டவில்லை, அறுவைக்குப் பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார்.

அறுவை முடிந்து அந்த உறுதி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. தாண்டவில்லை என்று சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா என் தோளில் சாய்ந்து முதல்முறையாக அழுதாள். கதிர்வீச்சுச் சிகிச்சையும் முடிந்து, இப்போது மறுபடி கவுண்டருக்குப் போகிறாள். பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் இருவருக்கும் பயம்தான்.

அதற்குப் பிறகு, நோயைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் பேச்சை மாற்றுவதில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, எனக்குத் தெரிந்ததைத் தெரிந்தவரையில் சொல்லிவிடுகிறேன்.